கிலோமீட்டருக்கு ஐந்து ரூபாய்

ரூபகலா,
நீ அங்கே மணலில் ஓடுகிறாய்.
நான் இங்கே போகவந்தலாவையில்
ஒரு சீ.ஆர். கொப்பியோடு
லயம் லயமாக ஏறி இறங்குகிறேன்.
மூன்று நாளாக விடாத மழை.
கொப்பியைச் சீனிப் பையில் சுற்றி
இடப்பக்க மார்போடு செருகியிருக்கிறேன்.
இப்போது அங்கே இடம் இருக்கிறதே.

ஐந்து ரூபாய் என்று எழுதியவர்கள் நாற்பத்தொரு பேர்.
பத்து என்று எழுதியவர் டீமேக்கர் அந்தோனிதாஸ்.
வெக்கை பழக வேண்டும் என்று நீ கேட்டபோது
ட்ரையர் பக்கத்தில் அரை மணி நேரம்
நின்ற இடத்திலேயே உன்னை ஓடவிட்டவர்.
வெளியே வந்தாய்,
புருவமெல்லாம் தேயிலைத் தூள்.

மணலுக்கு,
சபாபதி வீடு கட்டக் கொட்டிய ஒரு லோட் குவியல்.
ஏறி ஏறி நீ அதைச் சரித்ததற்கு
இன்னும் திட்டுகிறான்.
திட்டிக்கொண்டே எழுதினான்: மூன்று ரூபாய்.

"காச நேரா குடுத்தா ஆகாதா, எதுக்கு ஓடணும்?"
பெரட்டுக் களத்தில் கேட்டாள் மனோரஞ்சிதம்.
பேனாவை உதறினேன்.
மை இருந்தது. சும்மாதான் உதறினேன்.

பன்னிரண்டு வருசம் அந்தப் பாலைவனத்துக்குப் பக்கத்தில் இருந்தாய்.
பார்த்தது ஒரு குசினி யன்னல் அளவு.
மணல் என்றால் உனக்கு
விடிந்ததும் துடைத்தெடுக்கிற வேலை.
நீ குளிப்பாட்டி வளர்த்த பிள்ளை பெரியவளாகி
பதிவுக் காசு கட்டி டிக்கட்டும் அனுப்பினாள்.
"ஒருக்கா அந்த யன்னலுக்கு அந்தப் பக்கம் போகணும்" என்றாய்.
அதற்காக ஓடுகிறாயா, எனக்காகவா
என்று நான் கேட்கவில்லை.

இரவில் உன் செய்தி வரும், வெறும் இலக்கம்.
38.
எனக்குத் தெரிந்த ஒரே நெடும்பாதையில்
உன்னை வைத்துப் பார்க்கிறேன்:
ஹட்டன் தாண்டி வட்டவளை.
71.
கித்துல்கலை.
திரும்பி வரும்போது அந்த வளைவுகளில்தான்
எனக்கு வாந்தி வரும்.
பைக்குள் முகம் வைத்திருப்பேன்,
ஆற்றைப் பார்த்ததேயில்லை.
102.
அவிசாவளை. சமதரை. இனிமேல் சுகம் என்று நினைத்தேன்,
மணலில் ஏது சுகம்.

மகரகமவுக்குப் பதினாறு தடவை போய் வந்தேன்.
நேற்று கொப்பியின் கடைசிப் பக்கத்தில்
பெருக்கிப் பார்த்தேன்:
நாலாயிரத்து நானூற்றெண்பது கிலோமீட்டர்.
எல்லாம் உட்கார்ந்தபடி,
சில தடவை மிதிபலகைக்குப் பக்கத்தில் நின்றபடி.
ஐந்து ரூபாய்ப்படி யாரிடம் வசூலிப்பது?
தனியாகச் சிரித்திருக்கிறேன்,
பக்கத்துக் காம்பராவில் லைட் போட்டார்கள்.

நாலாம் நாள் இலக்கம் வரவில்லை.
ஐந்தாம் நாள் மத்தியானம் குரல் வந்தது.
"நூத்திப் பதினேழுல நிப்பாட்டிட்டாங்க.
கால் வீங்கிருச்சு. நான் நிப்பாட்டல, அவங்க."
பிறகு கொஞ்ச நேரம் காற்று.
பிறகு,
"காசு தருவாங்களா?"

இன்று வசூலுக்குப் போனேன்.
அந்தோனிதாஸ் முழுத் தூரத்துக்கும் நீட்டினார்,
இருநூற்றைம்பதுக்கும்.
சபாபதி போனில் பெருக்கி
முந்நூற்று ஐம்பத்தொன்று என்று
ஒரு ரூபாய்க் குற்றி தேடி
உள்ளே போய், அலுமாரி உதறி,
எடுத்து வந்து வைத்தான்.
எனக்கு அவனைத்தான் பிடித்தது.
நீ ஓடியதை ஒவ்வொன்றாக நம்பியிருக்கிறான்.

மனோரஞ்சிதம் பெயரே கொப்பியில் இல்லை.
பீலிக்கரையில் நிறுத்தி
ஈரக் கையால் நூறு ரூபாயைத் திணித்தாள்.
"இது ஓடுனதுக்கு இல்ல."
வேறு எதற்கென்று சொல்லவில்லை.
அதற்கு ஒரு கட்டம் நான் கீறியிருக்கவில்லை.
ஓரத்தில் எழுதினேன்.

நீ விட்ட இடத்திலிருந்து
என் கணக்கில் மகரகமவுக்கு
இன்னும் இருபத்து மூன்று கிலோமீட்டர்.
அதைப் பஸ்ஸில் போய்க்கொள்கிறோம்.
திங்கட்கிழமை, விடிய நாலரை.
மேல்கணக்கு பவளராணிக்கு முதல் தடவை.
இரண்டு பேர் டிக்கட் காசைத் தனியாக முடிந்துவிட்டேன்.
ஆற்றுப் பக்கம் யன்னலோரம் உட்காரச் சொல்லியிருக்கிறேன்.
பை கொண்டுவரவும் சொன்னேன்,
ரெண்டு.