உற்பத்தி நாடு

ஆய்வுக் கப்பலிலிருந்து இறங்கிய பெட்டி.
உள்ளே ஒரு கல். நாலு கிலோ எழுநூறு.
ஈரச் சாக்கு மணம்.

"உற்பத்தி நாடு?" என்றார் ஜயதிலக,
படிவத்திலிருந்து தலை தூக்காமல்.
கொழும்புத் துறைமுகத்தில் இருபத்திரண்டு வருஷம்
வெங்காயத்துக்கும் டயருக்கும் அந்தக் கட்டம் நிரப்பியவன் நான்.
பேனா நின்றுவிட்டது.

கப்பல் பெடியன் இர்ஃபாத் சொன்னான்:
கடலடியில் நெருப்புக் கக்கி எழும்பிய மலை அண்ணன்,
கொஞ்சக் காலம் தீவாயும் நின்றது.
அலை உச்சியைச் சீவிச் சீவி மேசையாக்கிற்று.
பிறகு கீழே தரை ஆறியது, கனத்தது,
மலையைச் சுமந்தபடியே இறங்கியது.
பவளம் மேலே மேலே கட்டிப் பார்த்தது.
ஏலவில்லை.
இப்ப அதன் தலைக்கு மேல்
ஒன்றரைக் கிலோமீற்றர் தண்ணீர்.

கல்லைப் புரட்டினேன்.
வெள்ளவத்தையில் தண்டவாளத்துக்கு அப்பால்
கடல் உருட்டிப்போட்ட செங்கல் துண்டுபோல
மூலையே இல்லை.
அவ்வளவு ஆழத்தில் அலை ஏது?
இது கரையில் உருண்ட கல்.
யாரும் நிற்காத கரை,
பெயர் வைக்க ஆளில்லாத கரை.

'கடல்' என்று அடித்தேன்.
கணினி ஏற்கவில்லை.
'தீவு.'
பட்டியலில் இல்லை.
பின்னால் வரிசை முணுமுணுத்தது.
'இலங்கை' என்று போட்டேன், உடனே ஏற்றது.

"நம்முடைய கல்லென்றால்
ஏன் ஐசே இறக்குமதி?"
கேட்டுக்கொண்டே முத்திரை குத்தினார்.

வெளியே வெயில்.
கடலை மண் போட்டு மூடிய புதுத் தரை
துடைத்த மேசையாய்க் கிடந்தது.
பெட்டியைக் கை மாற்றிக்கொண்டேன்.