பத்தாண்டு உத்தரவாதம்

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் எனக்குப் பெயிண்ட் கடை.
வெயில் மழைக்குப் பத்தாண்டு உத்தரவாதம்
என்றிருக்கும் டப்பா மேல்.
ஆறாம் வருடமே உரிந்ததென்று
சண்டைக்கு வருவார்கள்.

கம்பர்க் மலையேறி
மூச்சு வாங்கி நிமிர்ந்தால்
பாறையில் ஓர் ஈலாண்ட் மான்
செத்துக்கொண்டிருக்கிறது,
இன்னும் சாய்ந்து முடியவில்லை.
பின்னங்கால்கள் பின்னியிருக்கின்றன.
வாலைப் பிடித்திருப்பவனுக்கும்
அதே பின்னல்.

என்ன கலந்தார்கள் என்றேன்,
தொழில் புத்தி.
"செம்மண், கொழுப்பு,
மானின் ரத்தமும் என்பார்கள்"
என்றான் வழிகாட்டி தெம்பெலானி.
எத்தனை கோட்?
சிரித்தான்.

வெளிறிய இடத்தைக் காட்டினான்:
போட்டோவில் பளிச்சென விழ
யாரோ தண்ணீர் வீசியது.
கையிலிருந்த பாட்டிலை
முதுகுக்குப் பின் மறைத்தேன்.

அப்பால் ஒரு குழி. தோட்டா.
பாறையையுமா?
"பாறையையும்."

வரைந்தவர்கள் எங்கே என்று
கேட்காமல் இருந்திருக்கலாம்.
"அம்மா வழியில் நாங்கள்தான்.
பள்ளிக்கூடப் பதிவில்
வேறு எழுதினார்கள்.
ஒரு சொல் மிச்சமிருக்கிறது"
என்று நாக்கைச் சொடுக்கினான்.
குகை ஒருமுறை சொடுக்கியது.
பொருள்?
தெரியாதாம்.

காவடிக்கு நான் பாடும் பதிகத்தில்
பாதி எனக்கும் அப்படித்தான்.
அவனிடம் சொல்லவில்லை,
இறங்கும்போது முணுமுணுத்துப் பார்த்தேன்,
மூன்றாம் அடி வரவில்லை.

திங்கட்கிழமை கடையில் ஒருவர்:
"வெளிச்சுவருக்கு வேண்டும். நிற்குமா?"
ஈரச்சுவரா, பழைய பூச்சா என்று
வழக்கமாய்க் கேட்பவன்
சுவர் யாருடையது என்று
கேட்டுவிட்டேன்.