ஆறு மாசம் தாங்கும் என்றான்

வெள்ளை எடுத்துக்கோங்க சிஸ்டர், அழுக்கு தெரியாது
என்றான் ஷோரூம் பையன்.
தெரியாத அழுக்கு எங்கே போகும் என்று
கேட்க வந்து விட்டுவிட்டேன்.
பிரசவ வார்டில் பதினாறு வருடம்
வெள்ளை உடுத்தியவள்.
கறுப்பையே எடுத்தேன்.

தேவனாம்பட்டினம் ரோட்டில் கறுப்பு வண்டி என்றால்
உப்போடு குடித்தனம்.
விடியலில் கூரையில் இறங்கியிருக்கும் பனியைத்
தொட்டு நாக்கில் வைத்தால் கரிக்கும்,
வைத்துப் பார்த்திருக்கிறேன்.
போர் தண்ணீர் அதற்கு மேல்.
துடைக்காமல் விட்ட துளியெல்லாம் காய்ந்து
அம்மைத் தழும்பாய் நிற்கும்.

நெல்லித்தோப்புக் கடையில் அந்துவான்
இரண்டு டப்பாக்களை எடுத்து வைத்தான்.
ஒன்று மெழுகு. எந்த தேசத்துப் பனையோ,
ஓலையில் சுரண்டியதாம்.
ஊறவைத்த புளியங்கொட்டை மாதிரி
உள்ளிருந்து மினுக்கும்.
ஆயுசுதான் ஐந்து வாரம், நம்ம வெயிலில் மூன்று.
இன்னொன்று சீலன்ட், ஆலையில் பிறந்தது.
மினுக்கில் கொஞ்சம் ஈவிரக்கம் குறைவு.
ஆறு மாசம் தாங்கும் என்றான்.
கடற்கரையிலா?
நாலு.
மூன்றரை என்றேன், சிரித்தான்.
இரண்டையும் வாங்கினேன்.

பில் போடும்போது
அம்மா எனக்கு வாங்கித் தந்தவை ஒவ்வொன்றாக வந்தன:
கடலை மாவு, குங்குமப்பூ, வாய் பிதுங்கிய சிவப்பழகு ட்யூப்.
கறுப்பை இன்னும் கறுப்பாக்கும் டப்பாவுக்கு
எங்கள் வம்சத்தில் காசு கொடுத்தவள் நான்தான்.

நைட் டியூட்டி முடிந்து ஆறரை.
பானெட்டில் வெயில் ஏறும் முன்னே முடிக்க வேண்டும்.
சோப்புக்கு ஒரு வாளி, துணி அலச ஒரு வாளி.
கறுப்பு பிளாஸ்டிக் ஓரங்களில் மைக்ரோபோர் ஒட்டினேன்,
மெழுகு பட்டால் அங்கே வெள்ளையாய்க் காய்ந்து
போகவே போகாது.
சீலன்ட் முதலில். நெற்றியில் தைலம் தடவுகிற அளவுதான்,
அப்பினால் திட்டுத் திட்டாகும்.
ஒரு நாள் முழுக்கத் தொடாமல் விட்டு
மறுநாள் அதன் மேல் மெழுகு.
விரலால் ஒரு கோடு இழுத்துப் பார்த்து
இழுபடாவிட்டால், துடை.

அப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்த வண்டியை
செம்மண்டலம் பங்க்கில், குழல் விளக்குக்குக் கீழே பார்த்தேன்.
கதவெல்லாம் சிலந்தி வலை,
வட்டத்துக்குள் வட்டமாய்க் கீறல்.

வாட்ச்மேன் கோதண்டத்தைக் கேட்டேன்.
நான் பகலில் தூங்கும் நேரம் பார்த்து
பழைய லுங்கியால், காய்ந்த லுங்கியால்,
தினமும் தூசி தட்டியிருக்கிறார்.
"உங்க வண்டிலதாம்மா முகம் தெரியுது,
அதுலதான் தலை சீவுறேன்."
என்ன சொல்ல.
நல்ல மைக்ரோஃபைபர் துணி ஒன்று கொடுத்து
தண்ணி விடாம தொடாதீங்கண்ணே என்றேன்.
மிருதுவைத் தடவிப் பார்த்தவர்
நாலாய் மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.
இன்றுவரை அதில் முகம்தான் துடைக்கிறார்.
லுங்கி ஓய்ந்தது, அதுவே போதும்.

ஐப்பசி. ராத்திரி ரெண்டு மணி மழை.
வார்டு ஜன்னலிலிருந்து பார்த்தால்
போர்ட்டிகோ வெளிச்சத்தில் வண்டி.
பானெட்டில் துளிகள் உருண்டு திரண்டு ஓடுகின்றன.
கூரையில் மட்டும் தண்ணீர்
பாயாய்ப் படுத்துக் கிடந்தது.
அங்கே தீர்ந்துவிட்டது.
ஆடியில் பூசியதை விரல் விட்டு எண்ணினேன்.
மூன்று மாசம், பத்து நாள்.
மூன்றரைகூட இல்லை அந்துவான்.

நாலாம் டேபிளில் கூப்பிட்டார்கள்.
பெண் குழந்தை, ரெண்டே முக்கால் கிலோ.
முதுகிலும் தொடை இடுக்கிலும்
வெண்ணெயாய் அந்த மெழுகு,
உள்ளிருந்தே பூசிக்கொண்டு வந்தது.
அத்தைக்காரி குனிந்து காதோரத்தைப் புரட்டிப் பார்த்தாள்.
"கறுப்புதான் போலிருக்கு" என்று
முந்தானையை எடுத்தாள், துடைக்க.

துடைக்காதீங்க, என்றேன்.
அது இருக்கட்டும்.