வாயில் ஆ

நிபோங் திபாலைத் தாண்டி எட்டாங்கட்டையில்
செம்பனை ஆலை. எடைப்பாலம் ஒன்று.
வாயில் இரண்டு.
அ-வில் கம்பெனி லோரிகள்.
ஆ-வில் நாலு ஏக்கர், ஆறு ஏக்கர் வைத்திருப்பவர்கள்,
தெய்வசிகாமணியின் நீல லோரி,
கதவைக் கயிற்றால் கட்டியது.

எனக்குக் கொடுத்த வேலை சின்னது.
புதிய நிரலில் இரண்டு வாயிலும்
ஒரே நேரத்தில் திறக்காது என்று நிரூபிக்க வேண்டும்.
போன தீபாவளிக்கு முந்தின வாரம் திறந்துவிட்டது.
முட்டிக்கொண்ட லோரிகள், பாலம் முழுக்கப் பழம்.

நூறு தடவை ஓட்டிப் பார்த்தால் போதாதா என்றார் ரஸாலி.
நூறும் சரியென்றால் நூறு சரி, அவ்வளவுதான்.
எனக்கு வேண்டிய சொல் 'எப்போதும்'.
ஆகவே வாயில், விளக்கு, உணரி, மழை, மின்வெட்டு,
எது எந்த வரிசையில் வந்தாலும்
அடுத்து எங்கே போகலாம் என்று எழுதிக் கொடுத்தேன்.
முப்பத்தொரு லட்சம் நிலைகள்.
ஒன்று விடாமல் நடந்து முடித்தது கணினி
என் கோப்பி ஓ ஆறுவதற்குள்.
எப்போதும், இரண்டும் சேர்ந்து திறவா.
சரி.

அத்தோடு எழுந்திருக்கலாம். எழவில்லை.
யாரும் கேட்காத இன்னொரு வரி தட்டினேன்:
வந்து நிற்கும் எந்த லோரியும்
என்றாவது பாலம் ஏறும்.

தவறு.

பதினாலு படி நேராக வந்த பாதை
ஒரு வட்டத்தில் போய் விழுந்திருந்தது,
வாலோடு ஒரு சுருக்குக் கயிறு:
அ-வில் லோரி, திற, எடை போடு, மூடு,
அதற்குள் அ-வில் இன்னொன்று, திற,
ஆ-வில் சிவப்பு,
சிவப்பு,
வட்டத்தின் தொடக்கத்துக்கே திரும்பு.

தெய்வசிகாமணியிடம் திரையைக் காட்டினேன்.
"அந்த ரெண்டாவது செவப்புல நிக்கிறது
நான்தானே?" என்றார்.

பதிவேட்டில் தேடினால் குற்றம் கிடைக்காது.
நேற்று ஏழு மணி நேரம் நின்றார், பிறகு ஏறினார்.
முந்தாநாள் பதினொன்று, பிறகு ஏறினார்.
'எப்போதும்' பொய்யானால்
ஒரு நாள் காட்டிக்கொடுத்துவிடும், மணி நிமிடத்தோடு.
'என்றாவது' அப்படியில்லை.
நாளை என்று ஒன்று மிச்சம் இருக்கிறவரை
அதைப் பொய்யென்று சொல்ல முடியாது.
பதிவு இலாகாவில் என் அத்தை,
சிவப்பு அட்டையோடு பத்தொன்பது வருடம்.
மூன்றாம் முகப்பு ஆறுக்கு அனுப்பும்,
ஆறு பிறப்புச் சூராட் கேட்கும்,
சூராட் வேண்டுமென்றால் மூன்றுக்குப் போக வேண்டும்.
அவள் தாள்களில் எங்குமே 'மறுக்கப்பட்டது' இல்லை.

ரஸாலி நல்லவர், ஒரு வழி சொன்னார்.
கருவியில் 'நியாயம்' என்றொரு கட்டம் உண்டு.
அதில் குறியிட்டால்
விடாமல் கேட்பவருக்குக் கிடைத்துவிடும் என்று
கணினி தானே அனுமானித்துக்கொள்ளும்.
குறியிட்டேன்.
பச்சை.
வெளியே ஒரு திருகாணியும் நகரவில்லை.
நீல லோரியில் பழம் புளித்துக்கொண்டிருந்தது,
டன்னுக்கு எத்தனை வெள்ளி வெட்டுவார்கள் என்று
அவர் சிகரெட் அட்டையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

குறியை எடுத்தேன்.
நியாயத்தை அனுமானத்தில் வைக்காமல்
நிரலில் வைத்தேன். ஒரே ஒரு மாறி, பெயர் 'முறை'.
அ ஏறி இறங்கினால் முறை ஆ-வுக்கு,
ஆ-வில் ஆளில்லையென்றால் அ போகட்டும்.
அறுபது லட்சத்துக்கு மேல் நிலைகள்,
இரண்டாவது கோப்பி,
இரண்டு வரியும் சரி.

கம்பெனி லோரி காத்திருக்குமா என்ற கேள்வியோடு
அறிக்கை கோலாலம்பூருக்குப் போயிருக்கிறது.
பதில் வரும் என்று எழுதினார்கள்.
எத்தனை படிக்குள் என்று
திருப்பி எழுதியிருக்கிறேன்.