நான்கெல்லைக்கு உட்பட்டது

கிழக்கே கருவாலி மரம்.
மேற்கே கரடி தண்ணீர் குடித்த கல்.
வடக்கே விதவை ஸ்தாமாத்தாவின் பார்லி வயல்.
தெற்கே ஆறு, அது எங்கே ஓடினாலும்.
இந்த நான்கெல்லைக்கு உட்பட்ட மேய்ச்சல் நிலம்
தூய பரஸ்கேவி கோயிலுக்கு,
உலகம் உள்ளவரை.

சுல்தான் காலத்து மூலப்பத்திரம்.
கருவாலி இல்லை. கரடியும் இல்லை.
விதவையின் வாரிசுகள் மெல்போர்னில்.
ஆறு மட்டும் பத்திரத்தைப் படித்ததுபோல
இஷ்டத்துக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.

நான் நில அளவைத் துறை. பெயர் பொலிக்செனி.
வயது ஐம்பத்து மூன்று,
அதில் முப்பத்தைந்து கட்சிக்குள்.
சனவரியில் எங்கள் ஆட்கள் ஏதென்ஸில் பதவியேற்றபோது
வேதப்புத்தகம் இல்லை, பேராயர் இல்லை, தூபம் இல்லை.
மனசாட்சியின் பேரில் என்று ஒரு சொல்.
தொலைக்காட்சி முன் நின்று அழுதேன்.
அடுப்பில் பருப்பு அடிப்பிடித்தது.

ஜூலையில், வங்கிகள் மூடிய வாரம்,
மலைக்கு அனுப்பினார்கள்:
கோயிலுடையது எது, அரசுடையது எது,
பிரித்துக்கொண்டு வா.

அடிவார ஊரில் பணம் எடுக்கும் வரிசை.
எனக்கு முன்னால் பாப்பா லாவ்ரெந்திஸ்,
கறுப்பு அங்கிக்குள் வேர்த்து, செருப்பில் நின்றார்.
ஆளுக்கு அறுபது யூரோ என்று சட்டம்.
இருபதுத் தாள் தீர்ந்துபோய் ஐம்பதுதான் வந்தது.
கடவுளுக்கும் ஐம்பதா என்றேன்.
கட்சிக்கும் அதேதானே என்றார்.
பிறகு, என் வண்டியில் மலையேறும்போது:
"மணியடிக்கிறவனுக்கு நான் தரணும்.
எனக்கு உன் அரசாங்கம் தரணும்.
உன் அரசாங்கத்துக்கு எவனோ தரணும்.
எல்லாரும் திருப்பலியில்போல வரிசையாய்
வாயைத் திறந்துகொண்டு நிற்கிறோம்."

பீடத்தின் பின்னறையில் பெட்டி.
மெழுகு நாற்றம், எலிப்புழுக்கை.
ஒவ்வொரு தாளாய் எடுத்து எண் போட்டேன்.
முப்பத்தெட்டு, ஆலிவ் தோப்புத் தானம்.
முப்பத்தொன்பது, ஆட்டுக்கிடை வாடகை.
நாற்பது, மணி வார்த்த கூலி.

அடுத்தது அப்பாவின் கையெழுத்து.

மில்தியாதிஸ் என்னும் நான்,
தீவுச் சிறையில் இருப்பவன்,
கம்யூனிச நஞ்சைக் காறித் துப்புகிறேன்.
கீழே முத்திரை. முத்திரைக்குக் கீழே உத்தரவு:
ஞாயிறு பூசை முடிவில்
ஊரார் அனைவர் முன்னும் வாசிக்கவும்.

அப்பா திரும்பி வந்து இந்த மலை ஏறவேயில்லை.
சமவெளியில் ரேடியேட்டர் பற்றவைத்தே காலம் தள்ளினார்.
பேருந்து நிலையத்தில் ஊர்க்காரர் முகம் தெரிந்தால்
சுவரொட்டி படிப்பவர்போலச் சுவர்ப்பக்கம் திரும்புவார்.
ஊரே கேட்டுவிட்டது என்று
நாற்பத்தாறு வருடம்.

தாளைத் திருப்பினேன்.
பழைய பாதிரியாரின் நுணுக்கி எழுத்தில்
மெழுகுவர்த்திக் கணக்கு. எண்ணெய் இரண்டு படி.
"வாசித்திருந்தால் கோட்டாட்சிக்குத் திருப்பி அனுப்பணும்"
என்றார் லாவ்ரெந்திஸ். "இது போகவில்லை."
இரக்கமா என்றேன்.
"மறதியாகவும் இருக்கலாம்.
அந்த வருடம் காகிதப் பஞ்சம்."

வெளியே ஆடுகள்
யாருடையதென்று தெரியாத புல்லை மேய்ந்தன.

எடுத்துக்கொள்ளட்டுமா?
"பெட்டியில் இருப்பதெல்லாம் கோயில் சொத்து"
என்று சொல்லி, தாடியைச் சொறிந்து,
"உன் பட்டியலில் ஏறினால்" என்றார்.

எங்கள் சம்பளத்தை நிறுத்திவிடுவீர்களா என்றும் கேட்டார்,
அதே மூச்சில்.
தெரியவில்லை என்றேன். உண்மையாகவே தெரியவில்லை.

பேனா என் கையில்தான் இருந்தது.
ஏற்றினேன்.
நாற்பத்தொன்று: தாள் ஒன்று. வாசிக்கப்படாதது.
உரிமையாளர் என்ற கட்டத்தில்
மேய்ச்சல் நிலத்துக்கு எழுதியதையே
இதற்கும் எழுதினேன்:
வில்லங்கம் உள்ளது.