முழங்காலும் தோளும்

பனச்சமூட்டில் பஸ் இறங்கியதும்
என் கை தானாக இடுப்புக்குப் போனது.
அங்கே முடிச்சு இல்லை.
ஆறு மாதம் கூடவே இருந்த முடிச்சு.
லுசாக்கா விமான நிலையத்துக் கழிவறையில்
அவிழ்த்து, மடித்து, பைக்குள் வைத்தாயிற்று.
கைக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

ஸ்டான்லி ஸ்கூட்டரோடு நின்றிருந்தார்.
"மெலிஞ்சு போனியே" என்றார்.
பிறகு குரலைத் தணித்து,
"ஷாலை எங்க? டெய்சிபாய் டீச்சர்
மீன் கடையில நிக்கியாவ."

ஷால்.
அங்கே அது முதல் வாரமே தொட்டிலானது,
பிறகு காய்ச்சல் வார்டுக்கு ஜன்னல் திரை.
கடைசியில் எந்தப் பிள்ளையோடு போனதோ.

*

போன முதல் நாள் நான் உடுத்தியது
மாதர் சங்கம் பார்த்துச் சம்மதித்த சுடிதார்.
கழுத்து ஏறி, கை முழங்கை தாண்டி.
கிளினிக் முற்றத்து ஆண்கள் பேச்சை நிறுத்தி
மரத்தைப் பார்க்கத் தொடங்கினார்கள்.
நமுகோலோ என்றொரு மருத்துவச்சி வந்து
என் இடுப்பைச் சுற்றி ஒரு துணியைக் கட்டினாள்,
காயத்துக்குக் கட்டுப்போடுவது போல,
எப்படி ஆயிற்று என்று கேட்காமல்.
மஞ்சள் மீன்கள் அச்சடித்த துணி.
பக்கவெட்டில் காற்று புகுந்து
பேண்டுக்குள் என் தொடையின் வடிவம் தெரிந்ததாம்.
அந்த ஊருக்கு அது போதும்.

அதே நமுகோலோ
ஜெபத்தின் நடுவே மார்பை வெளியே எடுத்து
பிள்ளைக்குக் கொடுத்தபடி
எல்லோரையும்விட உரக்க ஆமென் சொன்னாள்.
பாஸ்டர் அவள் முகத்தைப் பார்த்துப் பேசினார்.
நான்தான் மரத்தைப் பார்த்தேன்.

*

சாட்சி ஞாயிற்றுக்கிழமை.
சனி சாயங்காலமே டீச்சர் வந்துவிட்டார்,
புரொஜெக்டரில் போடும் படங்களைப் பார்க்க.
நல்லவர். சீட்டுப் பணம் எடுத்து
என் டிக்கெட்டுக்கு ஐயாயிரம் தந்தவர்.
நமுகோலோவை மூன்று இடத்தில் நீக்கினார்.
"வேண்டாம் மக்களே, பையன்மாரும் இருப்பாங்க."
என் முதல் நாள் படத்தில் விரலை நிறுத்தினார்:
"இது நல்ல அடக்கமா இருக்கு,
இதையே பெரிசாப் போடு."

படத்தின் ஓரத்தில் நாலு ஆண்கள்
மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.

தோளை மூடியதற்காக
சந்தையில் சீலை கிழிக்கப்பட்ட பெண்களின்
வழிவந்தவர்கள் நாங்கள்.
வருஷத்துக்கு ஒருமுறை பிரசங்கத்தில் கேட்டு
கண் கலங்குவோம்.
வெளியே வந்தால் நோட்டீஸ் பலகை:
ஷால் இல்லாமல் திருவிருந்துக்கு வரலாகாது.
அதுவும் இதுவும் ஒரே துணி என்றே
இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

*

துவைத்துக் கொடியில் போட்டிருந்த மஞ்சள் மீன்களை
புதுச் சாரம் என்று எண்ணிவிட்டார் ஸ்டான்லி.
விடிகாலை,
மேலே ஒன்றும் இல்லாமல்,
நெற்றியில் டார்ச்சும் இடுப்பில் என் மீன்களுமாக
ரப்பர் பால் வெட்டப் போனார்.
எதிரே வந்த கமிட்டிக்காரர்கள் இரண்டு பேர்
"எங்க வாங்கின, நல்லாருக்கே" என்றார்களாம்.
சந்தோஷமாக வந்து சொன்னார்.
துணியில் ரப்பர் கறை. இனிப் போகாது.

*

சாட்சி முடித்து முன்வரிசையில் உட்கார்ந்தேன்.
சேலை, தோளில் இரண்டு ஊக்கு.
இருந்தும் இடது கை தோளுக்குப் போனது,
டீச்சர் பார்க்கிறார் என்று.
வலது கை முழங்காலுக்குப் போனது,
நமுகோலோ பார்க்கிறாள் என்று.
அப்படியே இருந்தேன், சிலுவைக்குக் குறுக்கே கட்டிப்போட்ட மாதிரி.

காணிக்கைப் பை வந்தது.
என்னிடம் கை இல்லை.

பை பிடித்த பையன் காத்து நின்றான்.
பின்வரிசையில் யாரோ இருமினார்கள்.

முழங்காலை விட்டேன்.
ஒன்றும் ஆகவில்லை.
இங்கே அது வெறும் முழங்கால்.