கோரா நூலில் பதினோரு நாள்

நாட்காட்டித் தாளைக் கிழித்ததும்
அதன் முதுகில் எழுதிவிடுவேன்.
தை ஒன்று: வரவில்லை.
தை இரண்டு: வரவில்லை.
தை மூன்று: இரவு 2.10, ஒன்பது குடம்.
எண்ணெய்க் கடைக்குக் கணக்கெழுதும் கை
சும்மா இருக்காது.

வருஷக் கட்டைத் தூக்கிக்கொண்டு
காரைக்குடியில்
சௌடேஸ்வரியின் தறிக்குப் போனேன்.
"இதைக் கண்டாங்கியாப் போட முடியுமா?"
தாளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.
பிறகு அளவுகோலை எடுத்தாள்.

நாளுக்கு அரை அங்குலம், மிச்சம் முந்தானைக்கு.
குழாய் வராத நாள் அரக்கு.
பகலில் வந்தால் கடுகு மஞ்சள்.
ராத்திரி வந்தால் கறுப்பு.
பாவு எல்லா நாளுக்கும் ஒன்றுதான்.
"அது நீங்க" என்றாள்,
"மாறுறது ஊடை மட்டும்."

மாசி முடிந்ததும் தறி நின்றது.
போன் வந்தது:
"பங்குனியில பதினோரு நாளைக் காணோம்."
வரலைன்னு போட்டுடு என்றேன்.
"தண்ணி வரலையா, நீங்க எழுதலையா?
ரெண்டும் வேற நூல்."

கடை முதலாளிகூட
என்னை இப்படிக் கேட்டதில்லை.

மதுரை ஆஸ்பத்திரி. தம்பி சொக்கலிங்கத்தின் கட்டிலடியில் பாய்.
அங்கே வராந்தாக் குழாய்
பதினோரு நாளும் மூட முடியாமல் சொட்டியது.
சொன்னேன்.
சாயம் தொடாத கோரா நூலை எடுத்தாள்.

வந்த சேலையை நீளமாக விரித்தேன்.
மஞ்சள் மொத்தம் ஆறு.
ஆறும் ஓட்டுக் கேட்டு வந்த மாதம்.
கறுப்புக்கும் கறுப்புக்கும் நடுவே அரக்கு,
தையில் ஓர் அங்குலம்,
சித்திரையில் நாலு விரல்.
தாள்தாளாகப் புரட்டியபோது
இது தெரியவே இல்லை.
கறுப்பை எண்ணினேன்:
எழுபத்தெட்டு.

தண்ணீரின் கணக்கென்று கொடுத்தேன்.
என் தூக்கத்தின் கணக்கை
நெய்து தந்திருக்கிறாள்.

கட்டிக்கொண்டேன்.
தை இடுப்பில் செருகிக்கொண்டது.
கோரா நாட்கள் வயிற்றோரம்.
சித்திரையும் வைகாசியும் கொசுவத்துக்குள் மடிந்து
நடந்தால் மட்டும்
கண் திறந்து மூடின.

திங்கள்கிழமை நகராட்சியில் மனு நாள்.
"சேலை நல்லா இருக்கே, என்ன விலை?"
பொறியாளர் தமிழ்ச்செல்வனுக்கு அழகுணர்ச்சி உண்டு.
எழுபத்தெட்டு ராத்திரி சார் என்றேன்.
சிரித்தார். மனுவில் முத்திரை குத்தினார்.

இப்போது மணி இரண்டு ஐந்து.
அடுத்த சேலைக்கு
இன்றைய அரை அங்குலம் என்ன நிறமென்று தெரியாமல்
காலிக் குடங்களோடு உட்கார்ந்திருக்கிறேன்.
குழாய் இருமுகிறது,
காற்று மட்டும்.